வீட்டு வீடியோ விளக்கு: எதுவரை நாமே செய்யலாம்?

ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வரைபவர்களும் வெங்கடகிரிப் புடவை விற்பவர்களும் நகரியில் விசைத்தறி வைத்திருப்பவர்களும் இன்று சரக்கைக் கைபேசியில் படம்பிடித்துத்தான் காட்டுகிறார்கள். திருப்பதியில் போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுப்பவர், சித்தூரில் சமையல் வீடியோ போடும் பெண், அன்னமய்யா கீர்த்தனை பாடிப் பதிவேற்றும் மாணவி என எல்லாருக்கும் ஒரே குறை: வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. கடையில் கிடைக்கும் நல்ல வீடியோ விளக்கின் விலையோ பல ஆயிரம். அதனால் எல்.இ.டி. வாங்கி வீட்டிலேயே ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள்.

அது நல்ல காரியம். யாரையும் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் நம் கை எதுவரை போகலாம் என்ற கோட்டைப் பலர் தவறான இடத்தில் போடுகிறார்கள். அந்தத் தவறு உயிருக்கு உலை வைக்கும். விபத்துக்குப் பிறகு நியாயம் கேட்கும் உரிமையையும் பறித்துவிடும். இந்த இரண்டாவது இழப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் அந்த ஆபத்தான பலகையைப் பார்ப்போம். எலக்ட்ரிக்கல் கடைகளில் 'டி.ஓ.பி. போர்டு' என்று கேட்டால் உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு ஒன்றைத் தருவார்கள். எல்.இ.டி.க்களும் அவற்றை இயக்கும் டிரைவரும் ஒரே தகட்டில் இருக்கும். 50 வாட், 100 வாட் என்று விற்கும். தனி டிரைவர் வேண்டாம், இரண்டு ஒயரை நேராக வீட்டு மின்சாரத்தில் கொடுத்தால் எரியும். மலிவு, பிரகாசம், சுலபம் என்று மூன்றும் சேர்ந்து ஆளை இழுக்கின்றன.

நேராகக் கொடுக்கலாம் என்பதன் பொருள் என்ன? வீட்டின் 230 வோல்ட்டுக்கும் அந்த எல்.இ.டி. புள்ளிகளுக்கும் நடுவே மின்மாற்றி எதுவும் இல்லை. மேலே தெரியும் ஒவ்வொரு ஈயப் பற்றிலும் உயிரெடுக்கும் மின்சாரம் இருக்கிறது. அடியில் உள்ள அலுமினியத்துக்கும் மேலே ஓடும் செம்புத் தடத்துக்கும் நடுவில் இருக்கும் காப்புப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். இந்தப் பலகை, கண்ணாடி மூடியும் எர்த் இணைப்பும் உள்ள ஃபோகஸ் லைட்டின் உலோகக் கூட்டுக்குள் உட்காருவதற்காகச் செய்யப்பட்டது. நாம் அதை ஒரு தகரத்தட்டில் திருகி, டிரைபாட் காலில் மாட்டி, மூடாமல் எரியவிடுகிறோம். பூச்சு ஓரிடத்தில் விட்டால் போதும், தட்டும் டிரைபாடும் சேர்ந்து மின்சாரம் பாய்ந்து நிற்கும். துடைத்த ஈரம் காயாத தரையில் வெறுங்காலோடு நின்று விளக்கின் கோணத்தைத் திருப்பும் அந்த நொடியை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு ஆபத்தையும் தாங்கிக்கொண்டு எடுக்கும் வீடியோவாவது நன்றாக வருமா என்றால், அதுவும் இல்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான டி.ஓ.பி. போர்டில் அதைச் சீராக்கும் மின்தேக்கி இருக்காது, அல்லது போதுமான அளவில் இருக்காது. வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைபேசிக் கேமராவுக்குத் தெரியும், திரையில் கறுப்புப் பட்டைகள் நகரும். ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு நொடிக்கு வைத்தால் பட்டை குறையும். தரமான 12 வோல்ட் டி.சி. அடாப்டரில் எரியும் விளக்கில் இந்தத் தொல்லையே எழாது. வெளிச்சத்தைக் குறைக்க மலிவு டிம்மர் போட்டால் பட்டை திரும்பவும் வரும். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்பது மேல்.

ஆக, கோடு இங்கே: 230 வோல்ட் இருக்கும் எதையும் நாம் திறக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். அதை மூடிய பொருளாக, தரச்சான்றோடு, ரசீதோடு வாங்குவோம். 12 வோல்ட் பக்கமும் துணி, காகிதம், சட்டம் ஆகியவையும் நம் கைவேலைக்கு உரியவை.

12 வோல்ட் என்றால் ஷாக் அடிக்காது. ஆனால் தீப்பிடிக்கும். 5050 வகை ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 எல்.இ.டி. என்றால் மீட்டருக்கு 14.4 வாட். 5 மீட்டர் சுருள் முழுதும் எரிந்தால் 72 வாட். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர். கண்காணிப்புக் கேமராவுக்கு வாங்கிய 2 ஆம்பியர் அடாப்டர் வீட்டில் இருக்கிறதே என்று அதில் மாட்டினால் அது கொதித்துச் சாகும். பாதிச் சுருள், அதாவது இரண்டரை மீட்டர் போடுங்கள். 36 வாட், 3 ஆம்பியர். 5 ஆம்பியர் அடாப்டர் இதைச் சூடேறாமல் இழுக்கும். அருகில் வைத்தால் ஒரு முகத்துக்கு அந்த வெளிச்சம் போதும். 6 ஆம்பியரை இயர்போன் ஒயர் கனத்தில் இருக்கும் கம்பி தாங்காது. ஸ்ட்ரிப்பை அரை மீட்டர்த் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இணைப்பு கொடுத்தால் கடைசித் துண்டு மங்காது. அடாப்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவே சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். சுருளைப் பிரிக்காமல் சோதித்துப் பார்க்கிறேன் என்று எரியவிடாதீர்கள், உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லை.

திறந்த இரும்பு வலைக்கூட்டில் திருகு முனைகளோடு வரும் எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கியையும் தவிர்த்துவிடுங்கள். அதன் முனையிலேயே 230 வோல்ட் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் 325 வோல்ட் வரை சற்று நேரம் தங்கியிருக்கலாம். முழுதும் மூடிய அடாப்டர்தான் வீட்டுக்கு ஏற்றது.

ஸ்ட்ரிப்பை எதில் ஒட்டுவது? தெர்மாகோல் பெட்டியிலும் அட்டைப் பெட்டியிலும் ஒட்டிய விளக்குகளை நிறைய பார்க்கிறோம். தெர்மாகோல் 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும், தீப்பட்டால் கறும்புகையோடு எரியும். சினிமாப் படப்பிடிப்பில் தெர்மாகோல் இல்லாத நாள் கிடையாது. ஆனால் அங்கே அது வெளிச்சத்தைத் திருப்பித் தரும் பலகையாக, விளக்கிலிருந்து தள்ளி நிற்கிறது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரிப் அலுமினியத் தகட்டில் இருக்கட்டும். முன்னால் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பட்டர் பேப்பர் கட்டினால் முகத்தில் நிழல் கடுமையாக விழாது, புள்ளி புள்ளியாகக் கண்ணைக் குத்தாது.

நிறத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே பலருக்கு அது பிழைப்பு. ஸ்ரீகாளஹஸ்திக் கலம்காரியின் சிவப்பு, செடி வேரும் படிகாரமும் சேர்ந்து தருவது. விளக்குகளின் நிறத் தரத்தைச் சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் அளக்கிறார்கள், சூரிய ஒளிக்கு 100. சாதாரண ஸ்ட்ரிப்பும் பல்பும் 80 சுற்றி இருக்கும். அவற்றில் ஆழ்ந்த சிவப்புதான் முதலில் அடிபடும். கலம்காரிச் சிவப்பு பழுப்பாகத் தெரியும், முகம் வெளிறிப்போகும். புடவை வாங்கியவர் "வீடியோவில் பார்த்த நிறம் இது இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அவர் கேட்பது நியாயம்தான். 90க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ள ஸ்ட்ரிப் கொஞ்சம் கூடுதல் விலை, அந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அறையில் வெள்ளை டியூப்லைட்டும் மஞ்சள் பல்பும் கலந்து எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பியே தொட வேண்டாத வழியும் ஒன்று உண்டு. 1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவில் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்துத் தெறிக்கும் ஒளியில் படமெடுத்தார். நமக்கும் அதே பாடம் உதவும். பிளக்கில் சொருகும் ஹோல்டர்களில் 12 வாட் பல்பு மூன்று நான்கு, எதிரே வெள்ளை வேட்டி அல்லது வெள்ளைச் சுவர். உஜாலா திட்டத்தில் அரசு வாங்கிய எல்.இ.டி. பல்பின் விலை 2014இல் 310 ரூபாயாக இருந்தது, சில ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. இன்று நல்ல பல்பு யாருக்கும் எட்டாத பொருள் இல்லை.

நல்ல பல்பு என்று எப்படித் தெரியும்? 2017இல் விளக்கு உற்பத்தியாளர் சங்கமான எல்கோமாவுக்காக நீல்சன் நிறுவனம் டெல்லி, மும்பை, ஹைதராபாத், அகமதாபாத் நகரங்களில் 200 கடைகளில் பார்த்தது. 76 சதவீத எல்.இ.டி. பல்பு பிராண்டுகள் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாதவை என்று தெரிந்தது. பெருநகரங்களிலேயே நிலைமை அது. எல்.இ.டி. பல்பு, எல்.இ.டி. டிரைவர், அடாப்டர் ஆகியவை 2014 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ளன. பொருளின் மீது தர முத்திரையும், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற கைபேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருடையது, எந்தப் பொருளுக்கு உரியது என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். முத்திரை இல்லாத பொருளைப் பற்றி அதே செயலியில் புகாரும் கொடுக்கலாம்.

இனி உரிமை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளால் காயமோ சொத்து நட்டமோ வந்தால் தயாரித்தவர், விற்றவர் மீது பொருள் பொறுப்பு வழக்குத் தொடுக்க அது வழி செய்கிறது. ஆனால் 87ஆவது பிரிவைக் கவனியுங்கள். விபத்து நடந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்றவர் மீது அந்த வழக்கு நிற்காது. இன்னொரு பொருளில் சேர்க்கும் உதிரியாக விற்று, உரிய எச்சரிக்கையும் கொடுத்திருந்தால், சேர்த்துக் கட்டிய பொருளால் வந்த கேட்டுக்கு, எச்சரிக்கை போதவில்லை என்று போடும் வழக்கில் தயாரிப்பாளரும் பொறுப்பில்லை. அடாப்டரைப் பிரித்து வேறு ஒயர் போட்ட அன்றே உங்கள் வழக்கு பலவீனப்பட்டுவிட்டது. மூடியபடியே வைத்திருந்த அடாப்டர் வெடித்தால் வழக்கு முழுசாக உங்கள் கையில். நான் மேலே போட்ட கோடு உயிருக்கு மட்டும் போட்டது இல்லை என்று சொன்னது இதனால்தான்.

'யூடியூபில் காசு வருகிறதே, நான் வியாபாரி ஆகிவிட்டேன், நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது' என்று சிலர் தாமே ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவரையும் சட்டம் நுகர்வோராகவே எண்ணுகிறது. தறிக்காரரும் பாடம் எடுப்பவரும் அதில் அடங்குவர்.

இன்னொரு பக்கமும் உண்டு. நண்பர்களுக்கு விளக்கு கட்டிக் கொடுத்துக் காசு வாங்கும் இளைஞர்களே, பிறர் செய்த உதிரிகளைச் சேர்த்துப் பொருளாக்கி விற்பவரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் தயாரிப்பாளர்தான். உங்கள் விளக்கால் ஒருவர் கருகினால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது? கடை சென்னையிலோ இணையத்திலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமானது. சித்தூரிலும் திருப்பதியிலும் நுகர்வோர் ஆணையம் அமர்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். இ-ஜாக்ருதி தளத்திலும் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். தெலுங்கிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். எல்லையோரத்தில் இரண்டு மொழிக்கும் நடுவில் வாழும் நமக்கு அது பெரிய வசதி. இணையக் கடையில் வாங்கியிருந்தால் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் அவர்கள் தீர்க்கவேண்டும் என்பது விதி.

தெருவில் நியூட்ரல் அறுந்து மின்னழுத்தம் எகிறிப் பொருள் எரிந்தால் அது வேறு வழக்கு. உடனே 1912 என்ற மின் புகார் எண்ணில் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணை வாங்குங்கள். நம் பகுதிக்கு மின்சாரம் தரும் ஏ.பி.எஸ்.பி.டி.சி.எல். நிறுவனத்தின் தலைமையகமே திருப்பதியில்தான் இருக்கிறது, அதன் நுகர்வோர் குறைதீர் மன்றமும் அங்கேதான். அங்கு தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இதையெல்லாம்விட முன்னதாகச் செய்யவேண்டிய ஒன்று உண்டு. பழைய வீடுகளில் ஃபியூஸோ எம்.சி.பி.யோ மட்டும் இருக்கும். அவை ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஷாக்கிலிருந்து காப்பது, மின்கசிவைக் கண்டதும் இணைப்பை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தைச் சோதித்து, அதைப் போடச் சொல்லுங்கள்.

மீறி ஏதாவது நேர்ந்தால் முதலில் மெயினை அணையுங்கள், அதற்குமுன் ஆளைத் தொடாதீர்கள். எரியும் மின்பொருள்மீது தண்ணீர் ஊற்றக் கூடாது. மின்சாரம் நின்றபின், தீக்காயத்தின்மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள், பேஸ்ட்டும் மாவும் தடவ வேண்டாம். ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் 108ஐ அழைத்து திருப்பதி ரூயா அரசு மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோய் இதயத் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எப்படி நடந்தது என்பதை மருத்துவச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எரிந்த அடாப்டரைக் குப்பையில் போடாமல், பிரித்தும் பார்க்காமல், பெட்டியோடும் ரசீதோடும் ஒரு பையில் எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும்போது கேட்பது அதைத்தான்.