வீட்டுல செய்யுற சண்டை ரோபோ: வேகமா, கடியா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுத்தது)

எங்க வீட்டு பீரோ கதவுல விரல் நீளத்துக்கு ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு. என்னோட முதல் சண்டை ரோபோ போட்ட கையெழுத்து அது. அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஒன்றரை கிலோகூட இல்லாத ஒரு பொம்மைக்கு இரும்புத் தகட்டைக் கிழிக்கிற பலம் எங்கிருந்து வருதுன்னு பார்த்துடுவோம்.

வாணலியில தொடங்கின கதை

1994-ல அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில மார்க் தார்ப் என்பவர் 'ரோபோட் வார்ஸ்' போட்டியைத் தொடங்கினார். அடுத்த வருஷமே அங்க 'பிளெண்டோ' வந்து இறங்குச்சு. பிற்பாடு 'மித்பஸ்டர்ஸ்' டிவி நிகழ்ச்சியில பிரபலமான ஜேமி ஹைனமனும் ஆடம் சாவேஜும் செய்த ரோபோ. ஒரு பெரிய வாணலியைக் கவிழ்த்து, ஓரத்துல வெட்டுப் பல் வச்சு, புல்வெட்டி இன்ஜின்ல சுத்த விட்டாங்க. எதிராளியோட பாகங்கள் தடுப்பைத் தாண்டி வெளியே பறந்துச்சு. இது ரொம்ப ஆபத்துன்னு பாதியிலேயே போட்டியை விட்டு விலக்கிட்டாங்க. சுத்துற ஆயுதம்னா என்னன்னு ரோபோ உலகம் அன்னைக்குப் புரிஞ்சுக்கிச்சு.

ஆயுதம் ஒரு உண்டியல்

மோட்டாரோட பலம்தான் எதிராளியை அடிக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. மோட்டார் கொஞ்சம் கொஞ்சமா ஆற்றலைச் சேர்த்து வைக்குது. சுத்துற இரும்புதான் உண்டியல். மோதும்போது உண்டியல் உடையுது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 'பீட்டில்வெயிட்' பிரிவுல ரோபோவோட மொத்த எடை 1.36 கிலோவுக்குள்ள இருக்கணும். அதுல 250 கிராம் எடை, 20 செ.மீ. நீளத்துல ஒரு இரும்புப் பட்டை. நடுவுல அச்சு. நிமிஷத்துக்கு 10,000 சுற்று. இதுல சேர்ற ஆற்றல் சுமார் 457 ஜூல். 10 கிலோ அரிசி மூட்டையை நாலரை மீட்டர் உயரத்துல இருந்து போட்டா எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. பட்டையோட நுனி மணிக்கு சுமார் 377 கி.மீ. வேகத்துல போகுது.

மோட்டார் சராசரியா 200 வாட் கொடுத்தா, இவ்வளவும் சேர ரெண்டேகால் செகண்ட் போதும். அது வெளியே வர்றதோ கண் சிமிட்டுறதுக்கு முன்னாடி. அடி அவ்வளவு பலமா இருக்குறதுக்கு அதான் காரணம்.

இன்னொரு விஷயம். சுற்று இரண்டு மடங்கானா ஆற்றல் நாலு மடங்காகும். எடையை நடுவுல வைக்காம ஓரத்துக்குத் தள்ளினாலும் ஆற்றல் கூடும். அதே 250 கிராமை அதே விட்டத்துல வளையமா செஞ்சா, பட்டையை விட மூணு மடங்கு சேமிக்கலாம்.

அப்போ வேகத்தை ஏத்திக்கிட்டே போகலாமா?

புதுசா செய்யுறவங்க எல்லாரும் சறுக்குற இடம் இது. நானும் சறுக்கினேன்.

ஃபேனை ஒண்ணுல வச்சு ஒரு பேப்பர் உருண்டையை எறிஞ்சா, றெக்கைகளுக்கு நடுவுல புகுந்து போயிடும். அஞ்சுல வச்சா ஓரத்துலேயே பட்டுத் தெறிக்கும். ஆயுதமும் அப்படித்தான். ஒரு பல் கடந்து அடுத்த பல் வர்றதுக்குள்ள எதிராளி எவ்வளவு உள்ளே வர்றான்? அந்த தூரத்துக்குப் பேரு 'கடி'.

நம்ம பட்டைக்கு ரெண்டு பல். 10,000 சுற்றுன்னா செகண்டுக்கு 333 தடவை பல் கடக்கும். ரெண்டு ரோபோவும் செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துல நெருங்கினா, கடி 9 மில்லிமீட்டர். வேகத்தை 20,000 ஆக்கினா நாலரை மில்லிமீட்டர்தான். உண்டியல்ல காசு நாலு மடங்கு, ஆனா பல்லு பதியாம எதிராளியைச் சுரண்டிட்டு வழுக்கிடும். தீப்பொறி பறக்கும், பார்க்க மாஸா இருக்கும், அவன் மேல ஒரு கீறல்தான் விழும்.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ஆயுதத்தைச் சுத்த விட்டு நின்ன இடத்துல காத்திருக்காம வேகமா பாய்ஞ்சு மோதுறது. இன்னொண்ணு, ஒரே ஒரு பல் வைக்கிறது. கடி நேரா இரண்டு மடங்காயிடும். ஆனா எதிர்ப்பக்கம் சமமான எடை வைக்கணும். இல்லைன்னா ஆணி கோணலா அடிச்ச பம்பரம் மாதிரி ரோபோ முழுசா தலையாட்டும்.

எதுல செய்யலாம்?

ட்ரோன்ல வர்ற பிரஷ்லெஸ் மோட்டார் போதும். அதுல 'கேவி'ன்னு ஒரு எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்றுன்னு அர்த்தம். 850 கேவி மோட்டார், 14.8 வோல்ட் லிப்போ பேட்டரின்னா, சுமை இல்லாம 12,500 சுற்று வரும். காத்தும் உராய்வும் போக நம்ம 10,000 கிடைச்சிடும்.

ஆயுதத்தை மோட்டார் அச்சுலேயே நேரா மாட்டாதீங்க. முதல் மோதல்லயே அச்சு வளைஞ்சிடும். தனி தண்டுல பேரிங் போட்டு ஆயுதத்தை நிறுத்தி, மோட்டார்ல இருந்து பெல்ட் மூலமா சுத்த விடுங்க. அடி விழும்போது பெல்ட் வழுக்கும், மோட்டார் பிழைக்கும். ஆயுதத்துக்குக் கடினப்படுத்தின எஃகு வேணும். சாதா இரும்புல பல் சீக்கிரம் மழுங்கிடும். உடம்புக்கு காய் வெட்டுற கெட்டி பிளாஸ்டிக் பலகைகூட நல்லா தாங்கும். உடையாம வளைஞ்சு கொடுக்கும்.

அடிக்கிற அதே விசை திரும்ப உங்க மேலயும் வரும். படுக்கைவாட்டுல சுத்துற ஆயுதம்னா உங்க ரோபோவே பக்கவாட்டுல எகிறும். செங்குத்தா சுத்தினா எதிராளி மேலே பறப்பான், திரும்பி வர்ற அடியைத் தரை வாங்கிக்கும். ஆனா வேகமா திரும்பினா ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு.

பீரோ கதை

ஒரு ராத்திரி ஹால்ல உட்கார்ந்து ஆயுதத்தைச் சுத்த விட்டுப் பார்த்தேன். நல்லா சுத்துச்சு. குச்சியை இறக்கினேன், நின்னுச்சு. டிவியை அணைக்கிற மாதிரி முதல்ல ரிமோட்டை ஆஃப் பண்ணினேன். அடுத்த நொடி ரோபோ தானா முழு வேகத்துல சுத்தி, தரையில துள்ளி, என் முழங்காலைத் தாண்டிப் போய் பீரோவுல மோதுச்சு.

காரணம் சின்னது. சிக்னல் போனா என்ன செய்யணும்னு ரிசீவருக்குள்ள ஒரு அமைப்பு உண்டு. பேரு ஃபெயில்சேஃப். ரிசீவரையும் ரிமோட்டையும் இணைக்கும்போது குச்சி எந்த நிலையில இருந்துச்சோ, அதையே என் ரிசீவர் ஞாபகம் வச்சுக்கிச்சு. நான் குச்சியை மேலே தூக்கி வச்சே இணைச்சிருக்கேன்.

அதனால நாலு விதி. ஆயுதத்தைக் கழட்டிட்டு ரிமோட்டை ஆஃப் பண்ணிப் பாருங்க, மோட்டார் நிக்கணும். ரோபோ மேசையில இருக்கும்போதெல்லாம் ஆயுதத்துல பூட்டு இருக்கணும். முதல்ல ரோபோவோட பேட்டரி இணைப்பைப் பிடுங்கணும், ரிமோட் கடைசியில. சோதனை பாலிகார்பனேட் பெட்டிக்குள்ள மட்டும்தான். அக்ரிலிக் வேண்டாம், அது அடி வாங்கினா சில்லு சில்லா உடையும்.

அம்மா அந்தக் கதவை மாத்தச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. நான்தான் விடல. புதுசா ஒரு ரோபோ செஞ்சா, பேட்டரியை இணைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதைப் பார்த்துக்குவேன்.

நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!