நீலத்திரை கூறும் செய்தி

முதுகலை இரண்டாம் ஆண்டு, வரலாறு

"திரை முழுதும் நீலமாகிவிட்டது, கணினி போய்விட்டது" என்று யாரேனும் ஒருவர் வருந்தாத தேர்வுக்காலம் நம் விடுதியில் இல்லை எனலாம். நம்மில் பலரிடம் இருப்பவை அண்ணனோ அக்காளோ பயன்படுத்திய பின் நமக்கு வந்த பழைய மடிக்கணினிகள். ஆய்வேடும் களப்பணிக் குறிப்புகளும் அவற்றுக்குள்ளேயே இருக்கின்றன. பழுது பார்க்கும் கடைக்குச் சென்றால், 'போர்டு மாற்ற வேண்டும்' என்று சில ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். உதவித்தொகையை நம்பிப் படிப்பவர்க்கு அது சிறு தொகை அன்று. ஆகவே நீலத்திரை என்பது யாது, அது ஏன் தோன்றுகிறது, பணம் செலவழிக்காமல் நாமே எந்த அளவுக்குச் சரிசெய்யலாம் என்பவற்றை இங்குக் கூற முற்படுகிறேன்.

நீலத்திரை என்பது யாது?

1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. முதற்கொண்டே இத்திரை உண்டு. 2025இல் விண்டோஸ் 11இல் இதன் நிறம் கறுப்பாக மாற்றப்பட்டது, பணி மாறவில்லை. இது கணினியின் மரண ஓலை அன்று. மேலும் இயங்கினால் சேமித்து வைத்தவை சிதைந்துவிடக்கூடும் என்னும் நிலையில் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. வீட்டில் மின்சாரக் கோளாறு நேரும்போது பியூஸ் போவதை இதற்கு ஒப்பிடலாம். பியூஸ் போவது வீட்டைக் காப்பதற்கே அன்றோ?

டிரைவரின் பங்கு

ஒலி, திரை, வைஃபை எனக் கணினியின் ஒவ்வோர் உறுப்பும் தனக்கென ஒரு மொழியில் பேசுகிறது. அம்மொழிகளை விண்டோஸ் அறியாது. இடையில் நின்று மொழிபெயர்க்கும் சிறு மென்பொருளே டிரைவர். தமிழில் இயக்கி என்பர். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாகப் பணியாற்றியதை நாம் படித்திருக்கிறோம். டிரைவரும் ஒரு துபாஷியே.

நாம் தட்டச்சு செய்யும் மென்பொருள் மாளிகையின் வெளிக்கூடத்தில் இயங்குவது. அது தவறினால் அது மட்டுமே மூடப்படும். பெரும்பாலான டிரைவர்களோ 'கெர்னல்' எனப்படும் உள்ளறையில் இயங்குகின்றன. அங்கே ஒரு டிரைவர் தனக்கு உரியதல்லாத நினைவகப் பகுதியைத் தொட்டால், மாளிகை முழுவதையுமே நிறுத்துவதன்றி விண்டோசுக்கு வேறு வழியில்லை.

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறியதை மறந்திருக்க மாட்டோம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கணினிகளில் நீலத்திரை தோன்றியது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான தரவுக் கோப்பு ஒன்றே காரணம். அம்மென்பொருளின் டிரைவர் அக்கோப்பைப் படிக்கையில் எல்லைக்கு அப்பாற்பட்ட நினைவகத்தைப் படிக்க முயன்றது. பழுது வன்பொருளில் இல்லை. அக்கோப்பை நீக்கியதும் கணினிகள் முன்போல் இயங்கின.

பழைய கணினியில் இத்தொல்லை மிகுதியாவது ஏன்? சில ஆண்டுகள் கழிந்தபின் தயாரிப்பாளர்கள் பழைய உறுப்புகளுக்குப் புது டிரைவர் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். விண்டோஸோ மாறிக்கொண்டே இருக்கிறது. தானியங்கிப் புதுப்பித்தலில் பொருந்தாத டிரைவர் வந்து அமர்வதும் உண்டு.

சான்று தேடல்

சான்று பாராமல் முடிவு கூறலாகாது என்பது வரலாற்றுத் துறையில் நாம் கற்கும் முதற்பாடம். நீலத்திரையின் அடியில் 'ஸ்டாப் கோட்' என ஒரு வரி இருக்கும். கைப்பேசியில் அதனைப் படமெடுத்துக்கொள்க. 'வீடியோ டி.டி.ஆர். ஃபெயிலியர்' எனில் திரைக்கான டிரைவர் உரிய நேரத்தில் மறுமொழி தரவில்லை. 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' எனில் கணினி உறங்கும்போதோ விழிக்கும்போதோ ஏதோ ஒரு டிரைவர் ஒத்துழைக்கவில்லை. 'மெமரி மேனேஜ்மென்ட்' எனில் ரேமையும் ஐயுற வேண்டும். திரையைப் படமெடுக்கத் தவறினாலும் பெரும்பாலும் விண்டோஸ் கோப்புறையில் உள்ள 'மினிடம்ப்' என்னும் உள்ளுறையில் குறிப்பு பதிவாகியிருக்கும். மைக்ரோசாப்ட் இலவசமாக வழங்கும் 'விண்டிபக்' கொண்டு அதனைப் படிக்கலாம்.

என் மடிக்கணினியை மூடித் திறக்கும்போதெல்லாம் நீலத்திரை தோன்றியது. ஒரு கடையில் போர்டு மாற்றச் சொன்னார்கள். ஐந்து முறை தோன்றியதைத் தேதியிட்டுக் குறித்தேன். ஐந்திலும் 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்றே இருந்தது. மினிடம்ப் வைஃபை டிரைவரைச் சுட்டியது. தொல்லை தொடங்கிய வாரத்தில்தான் அந்த டிரைவர் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பழைய பதிப்பிற்கு மாற்றினேன். அதன்பின் நீலத்திரை வரவில்லை. செலவு ஏதுமில்லை.

செய்முறை

1. ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். பின் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று சென்று எண் 4ஐ அழுத்தினால் 'சேஃப் மோட்' திறக்கும். இதில் இன்றியமையாத டிரைவர்கள் மட்டுமே இயங்கும்.

2. வேறெதுவும் செய்யுமுன் ஆய்வேட்டையும் படங்களையும் பென்டிரைவில் படியெடுத்துக்கொள்க. கணினி போனால் வேறு வாங்கலாம்; ஓராண்டுக் களப்பணியை வாங்க முடியாது.

3. 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, ஐயத்திற்குரிய உறுப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுக்கவும். அது மங்கலாக இருப்பின் பழைய பதிப்பு கணினியில் இல்லை என்று பொருள். அப்போது தயாரிப்பாளரின் இணையதளத்தில் நம் மாடல் எண்ணுக்கு உரிய டிரைவரையே எடுத்து நிறுவ வேண்டும்.

4. 'எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்னும் விளம்பர மென்பொருள்களை நாடாதிருத்தல் நலம். தேவையற்ற டிரைவரையும் அவை மாற்றிவிடக்கூடும்.

5. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு தோன்றினால் டிரைவரை மட்டும் குறை கூற இயலாது. 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' கொண்டு ரேமைச் சோதிக்க வேண்டும். மின்விசிறியில் தூசி அடைத்து வெப்பம் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதன்பின் கடையை நாடுவதில் தவறில்லை. அப்போது நம் கையில் குறியீடும் தேதியும் இருக்கும். கடைக்காரர் கூறுவதைச் சரிபார்க்கவும் இயலும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிவுற்றது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எனவே பொருந்திய டிரைவர் கிடைக்கும்போதே அதனைப் பென்டிரைவில் சேமித்து வைப்பது அறிவுடைமை.

இறுதியாக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதியின் படிப்பறையில் ஒரு குறிப்பேடு வைப்போம். கணினியின் மாடல், தோன்றிய குறியீடு, தீர்ந்த வழி ஆகிய மூன்றையும் அவரவர் எழுதி வைத்தால், அடுத்து வரும் மாணவர் ஒருவரின் பணமும் ஆய்வேடும் காக்கப்படும்.