ஓலையும் இடாப்பும்

திருவெண்ணெய்நல்லூர் அவையிலே நடந்த வழக்கினைப் பெரியபுராணங் கற்றோர் நன்கறிவர். மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரைத் தமக்கு வழிவழி அடிமையென்று மறித்த முதியவர், நம்பியின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலையைச் சான்றாகக் காட்டினார். அவையோர் அதனை உடனே ஏற்றுக்கொண்டாரல்லர். காப்பில் இருந்த பாட்டனாரின் வேறோர் எழுத்தை வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். பாட்டன் எழுத்துப் பேரனைக் கட்டும் என்பதும், அவ்வெழுத்தைக் காப்பதற்கு ஊரிலே ஓரிடம் இருந்தது என்பதும் சேக்கிழார் வாக்கால் நாம் அறிவன.

நம் மலையகத்திலும் பாட்டன் எழுத்துக் கேட்கப்பட்டதுண்டு. ஆனால் காப்பிடந்தான் இல்லை.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்நாட்டில் அதற்கு முன்னர்ப் பிறந்த ஒருவர் வம்சாவளியாற் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என விதித்தது. காடழித்துக் கோப்பியும், பின்னர்த் தேயிலையும் நட்டவர்களின் மக்கள் எத்தனை பேரிடம் அத்தகைய பத்திரம் இருந்திருக்கும்? அடுத்த ஆண்டு வந்த 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கு வாழ்ந்தமையை நிறுவுமாறு கேட்டது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்காக அனுப்பப்பெற்றன. பதிவு பெற்றவரோ ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரின் கதியை 1964-ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை எண்ணிக்கையாகப் பங்கிட்டது.

தோட்டங்களில் எழுத்தே இல்லாதிருந்ததோ எனின், அன்று. எழுத்து மிகுதியாகவே இருந்தது. வேலையாளின் கடனைக் குறித்த ‘துண்டு’ என்னுஞ் சீட்டு, 1921-இற் சட்டத்தால் ஒழியும்வரை, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவோரைப் பின்தொடர்ந்தது. பிரட்டுக்களத்தில் ஒவ்வொரு விடியலிலும் ஆட்களை எண்ணினார்கள். செக்றோலில் ஒவ்வொரு நாளும் குறித்தார்கள். ஒரு நாட் கூலிக்கு நம் மக்கள் வழங்குஞ் சொல்லே ‘பேர்’ என்பது. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’ என்பர். மனிதனுக்குரிய பெயர் கூலிக்குரிய அளவாகிவிட்ட இச்சொற்பொருள் மாற்றம் ஒன்றே, அந்த ஏடுகள் எதற்காக எழுதப்பட்டன என்பதை உணர்த்தும். உழைப்பை எண்ணுதற்கு எழுதிய ஏட்டினையே, ஆளின் உரிமைக்குச் சான்றாகக் கொண்டுவா என்று பின்னாளிற் கேட்டனர். இதுவே இவ்வரலாற்றின் கொடிய முரண்பாடு.

2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமைக் கதவைத் திறந்தது. எனினும் ஏட்டின் இடர் தீர்ந்ததன்று. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இன்றேல் அடையாள அட்டை அரிது. அட்டை இன்றேல் பரீட்சையும் தொழிலும் அரிது. முதியவர் ஒருவரின் பெயர் சேமலாப நிதி ஏட்டில் ஒருவாறும் அட்டையில் வேறொருவாறும் இருந்தால், வாழ்நாள் உழைப்பின் பணமே தேங்கி நிற்கும்.

இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது என்பதைத் தமிழாசிரியர் எளிதில் அறியலாம். தோட்டத்துப் பிறப்புச் செய்தி துரையின் கந்தோர் வழியாகவே பதிவாளரை அடைந்தது. அங்கே தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் ஏறிற்று. மீண்டும் தமிழுக்கு வந்தபோது லகர ளகர ழகர வேறுபாடு அழிந்தது. வள்ளி வல்லியானாள், பழனி பலனியானான். உடன்பிறந்தார் இருவர்க்குத் தந்தை பெயர் இருவேறாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன் அட்டனை அடுத்த தோட்டத்து மாணவி ஒருத்தி, சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வேளையிற் பத்திரமின்றி நின்றாள். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். இரண்டையும் கொண்டு தேடியும், “பதிவில்லை” என்ற விடையே வந்தது. அவளுடைய அப்பாயியை அழைத்து உசாவினேன். “சாமி, மாரியாத்தா தேர் இழுத்த மறாநாத்துதாங்க இது பொறந்துச்சு. பேரு வைக்கிறதுக்கு முந்தியே கணக்கப்பிள்ளை ஐயா எழுதிக்கிட்டுப் போயிட்டாரு” என்றார் அம்மூதாட்டி. திருவிழா நாளைக் கோயிற் கணக்கிற் கண்டோம். அந்நாளைக் கொண்டு மருத்துவிச்சியின் ஏட்டைப் புரட்டினோம். அங்கிருந்த குறிப்பைக் கொண்டு பதிவாளரிடம் மறுபடியும் தேடச் செய்தோம். மூன்றாவது பெயர் ஒன்றில், தந்தை பெயர் சிதைந்து, அப்பதிவு இருந்தது. உரிய திருத்தஞ் செய்வித்து அவள் பரீட்சை எழுதினாள்.

இதனால் தேடுவார்க்கு நான் கூறுவது யாதெனின், பெயரைக் கொண்டு மட்டும் தேடற்க. நாளையும் இடத்தையும் கொண்டு தேடுக. முதியோர் நினைவு ஏட்டுக்குப் பகையன்று, ஏட்டுக்கு வழிகாட்டி. எவ்வாற்றானும் பதிவு கிடையாதவிடத்து, காலங்கடந்த பதிவுக்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்கும் சட்டத்தில் இடமுண்டு. அரச அலுவலகத்தில் உள்ள ஏட்டைக் கேட்டறிய, 2016-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணை நிற்கும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல். மலைநாட்டுச் சிற்றூரில், மனிதனை மனிதனாகக் குறித்த முதல் ஏடு பெரும்பாலும் நமது சேர்வு இடாப்பேயாகும். அது கூலிக்கணக்கன்று. கறையானும் மழையொழுக்கும் தீண்டாதபடி அதனைக் காத்தல் நம் கடன். புதிய மாணவர் பெயரை எழுதுமுன், தாய் தந்தையரிடம் வாய்விட்டுச் சொல்லச் செய்து, எழுத்துப் பிழையின்றி எழுதுவோம். மூன்று தலைமுறைப் பெயரும், பிறந்த தோட்டமும், லயமும் ஒவ்வொரு மாணவனும் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிவைக்கச் செய்வோம். நாளை அவன் பேரனிடம் ஓலை கேட்பார் உளராயின், காட்டுதற்கு ஒன்று இருத்தல் வேண்டும்.