பெயர் சொல்லாமல் பார்த்தாலும் நம்மை அடையாளம் காணும் இணையதளங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் பல வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பிள்ளைகள் அத்தாவின் செல்போனை வாங்கி ஒவ்வொரு கல்லூரியின் இணையதளமாகத் திறந்து பார்ப்பார்கள். பெயரோ நம்பரோ எங்கும் கொடுப்பதில்லை. சில நாள் கழித்து ஒரு கல்லூரியின் தளத்தில், கட்டண விவரம் வேண்டி அத்தாவின் நம்பரை மட்டும் பதிவு செய்வார்கள். அன்று மாலையே அழைப்பு வரும். நாம் எந்தப் பாடப்பிரிவைப் பார்த்தோம், கல்விக்கடன் பக்கத்தை எத்தனை முறை திறந்தோம் என்பதெல்லாம் பேசுபவரின் கம்ப்யூட்டர் திரையில் இருக்க வாய்ப்புண்டு.

இது எப்படி நடக்கிறது?

ஒரு தளத்தை முதன்முறை திறக்கும்போதே அது நம் பிரவுசரில் ஓர் அடையாள எண்ணைப் பதித்துவிடுகிறது. இதற்கு குக்கீ என்று பெயர். அதுவரை நாம் அந்தத் தளத்துக்குப் பெயரில்லாத ஒரு எண் மட்டுமே. ஆனாலும் பார்த்த பக்கங்கள் எல்லாம் அந்த எண்ணின் கணக்கில் சேர்கின்றன. செல்போன் நம்பரைக் கொடுத்த நொடியில் பழைய கணக்கு முழுவதும் நம் பெயரோடு இணைகிறது.

படிவமே நிரப்பாமலும் இணைக்க முடியும். நிறுவனம் எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப், மின்னஞ்சலில் அனுப்பும் லிங்க்கில் நமக்கென்று தனிக் குறியீடு இருந்தால், அதை அழுத்தியதும் வந்தது யார் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வழி, நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களின் நம்பர் பட்டியலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றில் ஏற்றுவது. நம்பர்கள் 'ஹேஷ்' என்னும் முறையில் புரியாத எழுத்துக்கோவையாக மாற்றப்பட்ட பிறகே ஒப்பிடப்படுகின்றன. இதனால் விவரம் ரகசியமாக இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் ஒரே நம்பரை யார் மாற்றினாலும் ஒரே கோவைதான் வரும். இரண்டு பக்கமும் உள்ள கோவைகள் பொருந்தினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

ஒரு வீட்டுக்கு ஒரே செல்போன் என்றால் சிக்கல் இன்னும் அதிகம். மகள் தேடிய மருத்துவ விவரமும், தம்பி தேடிய நகைக்கடன் விவரமும் அத்தாவின் பெயரில்தான் சேரும்.

தொழுகை நேர செயலியின் பாடம்

விளம்பரத்துக்காகத் திரட்டிய தகவல் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பதை 2020 நவம்பரில் உலக முஸ்லிம்கள் கண்டார்கள். கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய 'முஸ்லிம் ப்ரோ' செயலியிலிருந்து 'எக்ஸ்-மோட்' என்ற நிறுவனத்துக்கு இருப்பிடத் தகவல் சென்றதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் 'மதர்போர்டு' இதழ் வெளியிட்டது. ராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று மறுத்த முஸ்லிம் ப்ரோ, எக்ஸ்-மோட் உடனான தொடர்பைத் துண்டித்தது. வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்குச் சென்றுவருவதைக் காட்டும் தகவலை எக்ஸ்-மோட் விற்கக் கூடாது என 2024ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தடை விதித்தது. இத்தகைய இருப்பிடத் தகவலில் பெயர் இருப்பதில்லை. ஆனால் ஒரு செல்போன் இரவு எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் பெயரைக் கண்டுபிடிப்பது கடினமில்லை.

நமக்குள்ள உரிமை

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக என்று தெளிவாகச் சொல்லியே சம்மதம் பெற வேண்டும், கொடுத்த சம்மதத்தை எளிதாகத் திரும்பப் பெறலாம், 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்பவை அதன் முக்கிய அம்சங்கள்.

செய்ய வேண்டியவை

விவரம் பார்க்கும்போதே நம்பர் கேட்டால் கொடுக்காதீர்கள். தேவையென்றால் நாமே அவர்களை அழைக்கலாம். குக்கீ அனுமதி கேட்கும்போது 'மறு' என்ற தேர்வு இருந்தால் அதை அழுத்துங்கள். பிரவுசரில் குக்கீகளை அவ்வப்போது அழியுங்கள். தொழுகை நேர செயலிக்கு இருப்பிட அனுமதி தராமல், ஊரை நீங்களே தேர்ந்தெடுங்கள். கோவில்பட்டிக்குப் பதில் திருநெல்வேலி என்று வைத்தாலும் நேரத்தில் ஓரிரு நிமிடமே மாறும். தொல்லை அழைப்புகளைத் தடுக்க 1909ல் பதிவு செய்யுங்கள்.

பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழையக் கூடாது என்று சூரா அந்நூரும், துருவித் துருவி ஆராயக் கூடாது என்று சூரா அல்ஹுஜுராத்தும் நமக்குக் கட்டளையிடுகின்றன. வாடிக்கையாளர் நம்பர்களை வைத்திருக்கும் நம் சமுதாயக் கடைக்காரர்களுக்கும், உம்ரா சர்வீஸ் நடத்துவோருக்கும் இது பொருந்தும். நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட நம்பரும் ஓர் அமானிதமே.