ஹீட் பம்புக்கு எந்த இன்வெர்ட்டர்?

வெந்நீர் தரும் ஹீட் பம்பைச் சூரிய மின்சாரத்தில் இயக்க விரும்புவோர் பலர், அதில் எழுதப்பட்டுள்ள வாட் அளவை மட்டும் பார்த்து இன்வெர்ட்டர் வாங்கிவிடுகின்றனர். தவறு அங்கேதான் நேர்கிறது.

காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றுவதால், சிறிய ஹீட் பம்ப் 500 வாட்டிலேயே ஓடக்கூடும். ஆனால், சாதாரண கம்ப்ரஸர் கிளம்பும் அந்த நொடியில் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதைத் தாங்க இயலாத இன்வெர்ட்டர் நின்றுவிடும்.

ஆகவே, மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, இன்வெர்ட்டரின் உச்சத் திறன் அந்தத் தொடக்க இழுப்பைத் தாங்க வேண்டும். இரண்டு, அது தூய சைன் அலை தர வேண்டும். இல்லையேல் மோட்டார் சூடேறும். மூன்று, தொட்டியிலுள்ள துணை ஹீட்டர் 1,500 வாட்டுக்கு மேலும் இழுக்கலாம். அதையும் கணக்கில் சேருங்கள், அல்லது அணைத்து வையுங்கள்.

விலை மலிவென்று வாங்கி, மறுமுறையும் செலவழிப்பது வீண்விரயமன்றோ!