கூரையைப் பிடுங்கும் காற்று எங்கிருந்து வருகிறது?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அம்மி பறந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் புயலில் கூரை பறந்ததைப் பார்த்தவர்கள் தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் பேர் உண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி கடலூர், புதுச்சேரிப் பகுதியைத் 'தானே' புயல் தாக்கியது. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் 'கஜா' புயல் கரையேறியது. இரண்டிலும் ஓடு, தகரம், கீற்று என்ற பேதம் இல்லாமல் கூரைகள் பறந்தன.

பழி முழுவதையும் வெளியே வீசிய காற்றின் மீது போடுகிறோம். ஆனால் வீட்டுக்குள் புகுந்த காற்றுக்கும் அதில் பங்கு உண்டு. அதற்கு வழிவிட்டது, சாத்த மறந்த ஒரு ஜன்னலாகவே இருக்கலாம்!

தறி வீட்டின் கண்

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசிப் பக்கம் இருக்கிறது தேசூர். ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரம் அது. தறி வீட்டில் ஜன்னலுக்குத் தனி மதிப்பு. அறுந்த இழையைக் கண்டுபிடிக்க வெளிச்சம் வேண்டும். நாள் முழுவதும் குழியில் கால் வைத்து உட்கார்ந்து நாடா ஓட்டுகிறவருக்கு நல்ல காற்று வேண்டும். வெப்பம் வெளியேறச் சுவரின் உச்சியில் காற்றுத் துவாரமும் வேண்டும். சித்திரை வெயிலில் இவை எல்லாம் வரப்பிரசாதம். ஐப்பசி, கார்த்திகையிலோ இவையே வினை.

தேசூர் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கரையேறிய புயல் உள்ளே வர வர வேகம் குறையும். ஆனால் மழை குறைவதில்லை. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே 'ஃபெஞ்சல்' புயல் கரையேறியபோது, காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். ஆனால் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது!

காற்றோடு வரும் மழை நேராக விழுவதில்லை; படுக்கையாகப் பாய்கிறது. தாழ்வாரம் அதைத் தடுக்காது. காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வரும் சாரல், தறியில் பூட்டிய பாவின் மேல் விழுகிறது. தறிக்குழியில் தண்ணீர் நிற்கிறது. பாவு கெட்டால் பட்டு மட்டுமா நஷ்டம்? குடும்பத்தின் கூலியும் போச்சு.

இரட்டிப்பானால் நான்கு மடங்கு

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் இடத்தைச் சுமார் 17 கிலோ எடையின் பலத்தோடு தள்ளுகிறது. 120 கிலோமீட்டர் ஆனால் 68 கிலோ. வேகம் 118-ஐ எட்டினால் வானிலை இலாகா அதை 'மிகத் தீவிரப் புயல்' என்கிறது.

இந்தக் காற்று சுவரைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. கூரைக்கு மேலே வேகமாக ஓடும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. இந்தச் சமயத்தில் காற்று வரும் பக்கத்து ஜன்னல் திறந்துகொண்டால் என்ன ஆகும்? உள்ளே புகுந்த காற்று போக வழியில்லாமல் கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே இழுப்பு, கீழே தள்ளல்! மழையில் எதிர்க்காற்று உள்ளே புகுந்து குடை மடங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டுக்கும் அதே கதைதான்.

கட்டடங்களின் மீது காற்றின் பளு பற்றிய இந்தியத் தரவிதி இதற்குக் கணக்குச் சொல்கிறது. திறப்புகள் சுவர்ப் பரப்பில் நூற்றுக்கு 5 பங்குக்குள் இருந்தால், உள் அழுத்தத்தைக் காற்றின் அழுத்தத்தில் பத்தில் இரண்டு பங்காகக் கொள்ள வேண்டும். திறப்புகள் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டினால் பத்தில் ஏழு பங்கு! மூன்றரை மடங்கு அதிகம். சின்னத் துவாரம் சாரலைத்தான் விடும். பெரிய திறப்போ கூரைக்கே உலை வைக்கும்.

அமெரிக்காவில் கிடைத்த பாடம்

1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை 'ஆண்ட்ரூ' சூறாவளி தாக்கியது. ஜன்னலும் கார் கொட்டகைக் கதவும் உடைந்து காற்று புகுந்த வீடுகள் பலவற்றில் கூரை போனதை நிபுணர்கள் கண்டார்கள். 2004 ஆகஸ்டில் அதே மாநிலத்தில் 'சார்லி' வந்தது. அப்போது கூரை தப்பிய வீடுகளிலும், இறவாரத்துக் காற்றுத் துவாரங்கள் வழியாக மழை புகுந்து பொருள்கள் பாழாயின.

அந்த நாட்டில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. ஒரு பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வெளியே போய்விடும், வீடு தப்பும் என்பார்கள். இது ஆபத்தான யோசனை. புயலின் காற்று திசை மாறும். வெளியேற என்று திறந்த ஜன்னலே காற்று நுழையும் வாசலாகிவிடும்!

செய்ய வேண்டியது என்ன?

ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு காற்றுத் துவாரத்துக்கும் அளவாக ஒரு பலகை செய்து வைத்துக்கொள்ளலாம். எச்சரிக்கை வந்ததும் அதை வெளிப்புறத்தில் வைத்து நான்கு மூலையிலும் திருகாணி போட வேண்டும். எதிர்க்காற்று பலகையைச் சுவரோடு அழுத்தும். மறுபக்கத்துக் காற்றோ அதைப் பிய்த்து இழுக்கும். துணியும் சாக்கும் அடைத்துப் பயனில்லை. நனைந்ததும் அவை உள்ளே விழும்.

எல்லா ஜன்னல்களையும் சாத்தித் தாழிட வேண்டும். அறைக் கதவுகளையும் சாத்த வேண்டும். ஒரு ஜன்னல் உடைந்தாலும் காற்று அந்த அறையோடு நிற்கும். பாவைச் சுருட்டி, பாலித்தீன் தாளால் மூடி, உயரத்தில் வைப்பது நல்லது. அடைத்த வீட்டுக்குள் கரி அடுப்போ ஜெனரேட்டரோ கூடாது. அவற்றின் புகையில் உள்ள விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, உயிரைக் குடித்துவிடும்.

திடீரென்று காற்று அடங்கினால் புயல் போய்விட்டது என்று எண்ணிக் கதவைத் திறக்கக் கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று சீறி வரும். வானிலை இலாகாவின் அறிவிப்பைக் கேட்ட பிறகே தாழ் திறக்க வேண்டும்.

கீற்று வீட்டிலும், கட்டுத் தளர்ந்த கூரையின் கீழும் இருப்பவர்களுக்குப் பலகை மட்டும் போதாது. அவர்கள் முன்கூட்டியே நிவாரண முகாமுக்குப் போய்விட வேண்டும். அறுந்த இழையை முடிந்துகொள்ளலாம். போன உயிரை முடிய முடியுமா?