பொயிலர் குழாயில் கலக்கும் புகை

குளிர்காலத்தில் இலண்டன் வீட்டுச் சுவர்களில் வெண்புகை தள்ளும் பொயிலர் குழாயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் அது ஒரு குழாயல்ல, ஒன்றினுள் ஒன்றாக இரண்டு. உட்குழாயால் புகை வெளியே போக, வெளிக்குழாயால் எரிவதற்கான காற்று உள்ளே வருகிறது.

நடுவே ஒரு பொருத்து விலகினால் புகை அந்தக் காற்றோடு கலந்துவிடும். ஒட்சிசன் குறைந்தால் காஸ் சரியாக எரியாது; காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமோ மணமோ இல்லாத நஞ்சு அது.

ஆகவேதான் பொயிலரைப் பரிசோதிப்பவர் வெளிக்குழாய்க் காற்றை முதலில் அளக்கிறார். சாதாரண காற்றில் ஒட்சிசன் 20.9 வீதம். குழாயில் அது 20.6க்குக் குறைந்தாலோ, காபனீரொட்சைட்டு 0.2 வீதத்தை எட்டினாலோ எங்கோ புகை கலக்கிறது. விலகிய பொருத்தைத் தேடுவார். வருபவரிடம் 'காஸ் சேஃப்' அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகை வீட்டில் ஆண்டுக்கொருமுறை காஸ் பரிசோதனை செய்விப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. கேட்டால் கோபிப்பாரோ என்று எம்மவர் தயங்குவதுண்டு. பத்திரத்தின் பிரதியைப் பெறுவது எமது உரிமை.

வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடி, வெளியே போனால் சுகம் என்றால் தடிமன் என்று இருந்துவிடாதீர்கள். பொயிலரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999க்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.